மன்னிப்பு இலாகா

அந்த ஊரில் எந்த எந்திரம் தப்பு செய்தாலும் மன்னிப்புக் கேட்டது ஒரே ஒரு தொண்டைதான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால், "சிரமத்திற்கு மன்னிக்கவும்." ரயில் வராவிட்டால், "தாமதத்திற்கு வருந்துகிறோம்." பணம் எடுக்கும் எந்திரம் அட்டையை விழுங்கிவிட்டு, விழுங்கிய வாயாலேயே, "தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்" என்று குழையும். எந்திரத்தைச் செய்தவன், விற்றவன், பழுது பார்க்காமல் விட்டவன் எல்லாரும் எங்கோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்பு மட்டும் ஒரு டயர்க்கடைக்கு மேலே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், சாரி அக்காவின் வாயிலிருந்து வந்தது.

சாரி அக்கா என்று பேர் வைத்தது பட்டன். பட்டன் என்பது ஒலிப்பதிவு மேசையில் உட்காரும் பெண். அவள் வேலை பட்டனை அழுத்துவது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பேர். சாயங்காலமானால் பட்டன் மாலைக் கல்லூரிக்குப் போய்த் தத்துவம் படிப்பாள். படித்ததை மறுநாள் காலையில் ஒழுங்காகத் திருப்பிச் சொல்வாள். சொல்லி முடித்ததும், "நான் தப்பாவும் புரிஞ்சிருக்கலாம்" என்று சேர்த்துக்கொள்வாள். அது இல்லாமல் அவளுடைய எந்த வாக்கியமும் முடிந்ததில்லை.

மன்னிப்பு சாரி அக்காவுடையது என்றால், மிரட்டல் அவள் கணவனுடையது. கூடத்தில் அவனுக்குச் சிங்கம் என்று பேர். "கோட்டைத் தாண்டாதீர்கள்," "வாகனம் இழுத்துச் செல்லப்படும்," "அனுமதி இல்லை" என்பதெல்லாம் சிங்கம். வயிற்றிலிருந்து கிளம்பி ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் குரல். அவன் உட்காரும் நாற்காலியில் மட்டும் காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்று கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"பயமுறுத்தறது ஆம்பளை, பல்லைக் காட்டறது பொம்பளை. மக்கள் அப்படித்தான் எதிர்பாக்கறாங்க" என்பது முதலாளியின் தொழில் ரகசியம். அதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டதால் அதில் ரகசியம் எதுவும் மிஞ்சவில்லை.

சாரி அக்காவும் சிங்கமும் சந்தித்ததே ஒரு வாகன நிறுத்தத்துக்கான பதிவில்தான். "மன்னிக்கவும், இடமில்லை" என்றாள் அவள். "வண்டியை அகற்றுங்கள்" என்றான் அவன். அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ள என்ன தைரியம் வந்தது என்று அவளுக்கே இன்றுவரை புரியவில்லை. இலாகாப் பிரிவினை வீட்டுக்கும் வந்து சேர்ந்துகொண்டது. அவன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவன் தூங்கித் தாமதமாகப் போவான். வாசலில் நின்று, "சாரிம்மா, கிளம்பவே லேட்டாயிடுச்சு" என்று இழுப்பவள் அவள். அவன் பக்கத்தில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருப்பான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்டை மக்கர் செய்தது.

முதலில் காலையில் கரகரத்தது. பிறகு நாள் முழுக்கக் கரகரத்தது. ஒருநாள் "வருந்துகிறோம்" என்று சொல்லப்போய் வெறும் காற்று வந்தது. தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு உள்ளே பார்த்தார்.

"செருப்பு கடிச்சா கால்ல காய்ப்பு காய்க்குமே, பாத்திருக்கீங்களா? அது உங்க குரல்நாண்ல காய்ச்சிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்.

"கேட்டிருக்கேன். எங்க லிஃப்ட்ல நீங்கதான்." டாக்டர் குழாயை உருவினார். "அதான் விஷயம். சிரிச்சுக்கிட்டே, மூச்சைக் கலந்து, தூக்கிப் பேசறீங்க. அது உங்க குரலே இல்ல. உங்க சொந்தக் குரல் எது? பேசிக் காட்டுங்க."

சாரி அக்கா வாயைத் திறந்தாள். லிஃப்ட்தான் வந்தது. வேறொன்றை முயன்றாள். வங்கி வந்தது. உள்ளே எவ்வளவு துழாவியும் சொந்தமாக ஒன்றும் கையில் தட்டுப்படவில்லை.

"சரி விடுங்க" என்றார் டாக்டர். "இனிமே நான் சொல்ற வரைக்கும் வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் மோசம். மீறினா கத்தி வைக்கணும். கத்தி வெச்சப்புறம் குரல் திரும்பி வருமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

விஷயம் அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் குரல் இருக்கும், பேசினால் இருக்காது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். முதலாளிக்கும் சிங்கத்துக்கும் மட்டும் புரிய நேரமெடுத்தது.

ஏனென்றால் அதே வாரம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வேலை வந்திருந்தது. வரவேற்பு முதல் பிணவறை வாசல் வரை எல்லா ஒலிபெருக்கிக்கும் புது அறிவிப்புகள். தாள் தாளாக மன்னிப்பு. டாக்டர் வர நேரமாகும், மன்னிக்கவும். படுக்கை காலியில்லை, மன்னிக்கவும். கதவு தானாக மூடிவிட்டது, மன்னிக்கவும்.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க மேடம்" என்றார் முதலாளி. "இது ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் ஆயுசு பூரா மௌனமா இருங்க. யார் வேணாம்னா?"

"மெதுவா பேசிடேன்" என்றான் சிங்கம். "உனக்கு என்ன, எழுந்து நின்னு கத்தவா சொல்றாங்க? பூ மாதிரி சொன்னாப் போதும்."

சாரி அக்கா செல்பேசியில் தட்டெழுதி நீட்டினாள்: முடியாது.

இருவரும் அந்தச் சொல்லை, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் போலப் பார்த்தார்கள்.

"இவ்ளோ நாள் சந்தோஷமாத்தானே செஞ்சீங்க?" என்றார் முதலாளி. "நான் ஒருநாளாவது கட்டாயப்படுத்தியிருக்கேனா?"

பட்டன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார், நேத்து கிளாஸ்ல இதைத்தான் சொன்னாங்க. ஒருத்தர் நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க, சந்தோஷமா இருக்கீங்களான்னு கேட்டா மட்டும் பத்தாதாம். கெடைச்சதைப் பழகிக்கிட்டு அதையே சந்தோஷம்னு சொல்லிடுவாங்களாம். அவங்களால எதெது செய்ய முடியுது, முக்கியமா, வேணாம்னு சொல்ல முடியுதான்னு பாக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் தப்பாவும் புரிஞ்சிருக்கலாம்."

"கண்டிப்பா தப்பாத்தான் புரிஞ்சிருக்கே" என்றார் முதலாளி. "உனக்குச் சம்பளம் பட்டன் அழுத்த."

ஆனாலும் வேலையைக் கைவிட அவருக்கு மனசில்லை. வேறு பெண்குரல் தேடினால் மருத்துவமனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கண்ணைச் சுற்றவிட்டதில் அறையில் மிச்சமிருந்த ஒரே தொண்டை சிங்கத்துடையது. அவனையே இறக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிங்கம் சிரித்தான். "மன்னிக்கவும்னு சொல்றதுல என்ன பெரிய வித்தை இருக்கு? இவ சொல்றதைத்தானே இவ்ளோ நாளா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

பதிவறையில் ஏ.சி.யை நிறுத்தினார்கள், அதன் முனகல் மைக்கில் விழும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிங்கம், ரப்பர் வளையத்தோடு. இந்தப் பக்கம் பட்டன், முதலாளி, நடுவில் சாரி அக்கா. அவள் கட்டை விரலை உயர்த்தினால் நல்லது, ஆள்காட்டி விரலை உயர்த்தினால் இன்னொரு முறை. ஆயிரக்கணக்கான மன்னிப்பைக் கேட்டுத் தேறிய காது அவளுடையது என்பதால் தரம் பார்க்கும் பொறுப்பு அவளிடம் வந்திருந்தது.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும். விரைவில் உங்களை அழைப்போம்.

சிங்கம் வாயைத் திறந்தான். மன்னிப்பைக் கேட்கிறானா, கேட்கச் சொல்லி யாரையாவது மிரட்டுகிறானா என்று தெரியவில்லை. "விரைவில் உங்களை அழைப்போம்" என்றபோது முதலாளியே ஒரு கணம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆள்காட்டி விரல்.

"காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும். டாக்டரும் மனிதர்தான்."

"அண்ணா, ரெண்டாவது வரி தாள்ல இல்லையே" என்றாள் பட்டன். சாரி அக்காவை அக்கா என்றும் அவள் கணவனை அண்ணா என்றும் அழைப்பதில் ஓர் உறவுமுறைச் சிக்கல் இருந்தது. கூடத்தில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

"தெரியும். சும்மா ஒரு ஓட்டத்துல வந்துடுச்சு."

அடுத்த ஓட்டத்தில், "நீங்களும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்" என்று வந்தது. அதற்கடுத்ததில், "எல்லா ஊரிலும் இதே கதைதான்." தாளில் இருந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது அவனால் ஆகவில்லை. மன்னிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சமாதானம் கூடவே ஓடிவந்தது.

"காரணம் சொல்லாம எப்படிம்மா?" என்றான் எரிச்சலோடு. வியர்த்திருந்தான். "வெறுமனே மன்னிக்கவும்னு விட்டா நானே தப்பு பண்ண மாதிரி ஆயிடாதா?"

"தப்புதானே அண்ணா. காக்க வெச்சாச்சு."

"நான் வெச்சேனா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஆஸ்பத்திரி வெச்சுது அண்ணா."

"அப்ப ஆஸ்பத்திரியை வந்து சொல்லச் சொல்லு!"

சாரி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கி முடிந்ததும் என்னவோ உறைத்தது. எத்தனை வருஷம்! எத்தனை லிஃப்ட், எத்தனை ரயில்! நான் என்ன தப்பு பண்ணேன் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. இந்த மனுஷனுக்கு அரை மணியில் தோன்றிவிட்டது.

பட்டன் அவள் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "அக்கா, கிளாஸ்ல இன்னொண்ணும் சொன்னாங்க. எல்லா மனுஷனும் உடையறவன்தானாம். பொறக்கறப்பவும் நோய்ல விழறப்பவும் யாராவது தாங்கிப் பிடிக்கணும். அதுல விதிவிலக்கே இல்லையாம். ஆனா உடையறது, குனியறது, தாங்கறது எல்லாத்தையும் சில பேர் தலையில கட்டிட்டா, மத்தவங்க நாங்க இரும்புன்னு நினைச்சுக்கிட்டு நடமாடலாமாம்." கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் வளையத்தின் மேல் நெளிந்துகொண்டிருந்த இரும்பைப் பார்த்தாள். "தப்பாவும் புரிஞ்சிருக்கலாம்."

இந்தத் தடவை சாரி அக்கா தப்பில்லை என்று தலையாட்டினாள்.

முதலாளியின் பொறுமை தீர்ந்தது. அதன் இடத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. கதவைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கியவர், சட்டென்று திரும்பினார்.

"நாம ஏன் இப்படி மண்டையை உடைச்சுக்கணும்? மேடத்தோட பழைய மன்னிப்பெல்லாம் மூட்டை மூட்டையாக் கெடக்கே! லிஃப்ட்ல இருந்து மன்னிக்கவும், ரயில்ல இருந்து தாமதம், பேங்க்ல இருந்து காத்திருக்க. வெட்டி ஒட்டினா வேலை முடிஞ்சது. அவங்களுக்கும் ஓய்வு. இனிமே அவங்க வரக்கூட வேணாமே!"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் பரிசு கொடுப்பவர் போலச் சொன்னார். சிங்கம் பதிவறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, இது நல்ல ஐடியா" என்றான், வளையத்திலிருந்து விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில்.

சாரி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனிமேல் இந்த ஊரில் யார் எந்தத் தப்பு செய்தாலும், அவளைக் கேட்காமலே, அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் செத்த பிறகும் கேட்பாள். பேசாமல் இருந்து காப்பாற்ற நினைத்த குரலை, பேசாமல் இருக்கிறாள் என்பதாலேயே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"அக்காகிட்டக் கேக்கணும் சார்" என்றாள் பட்டன்.

"இங்கதானே இருக்காங்க. மறுப்பு எதுவும் சொல்லலையே?"

சாரி அக்கா செல்பேசியில் எழுதி நீட்டினாள். முதலாளி அதைப் பார்க்கவில்லை. மேசைக்குக் குனிந்து, அவரே ஒரு பழைய பதிவைத் தட்டிவிட்டார். ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் வழிந்தது. மன்னிக்கவும். மன்னிக்கவும். மன்னிக்கவும். அவள் அவர் தோளைத் தட்டினாள். "ஒரு நிமிஷம் மேடம், கேளுங்க, என்ன இனிமை பாருங்க." மேசையைத் தட்டினாள். "ஷ், பதிவு ஓடுது." அவளைக் கேளாமலிருக்க அவர் அவளையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வாய் திறந்துகொண்டது. தொண்டையில் காய்ப்பு உரச, கத்துவதற்கு மூச்சு நெஞ்சுவரை ஏறிவிட்டது. கத்தினால் போய்விடும். கத்தாவிட்டாலும் போய்விடும்.

பட்டன் அதைப் பார்த்தாள். பட்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிவில் வீணாய்ப் போன துண்டு எதையும் தூக்கிப்போட மாட்டாள். இருமல், தும்மல், நடுவில் பேசிய வெட்டிப் பேச்சு எல்லாவற்றையும் தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. தூக்கிப்போட்டது தப்பாய்ப் போய்விட்டால் என்ற பயம்தான். அந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, ஒலியைக் கடைசிவரை திருகி, அழுத்தினாள்.

"யோவ்! அந்தச் சுத்தியலைக் கீழ வைய்யா! முடியாது! இதுக்கு மேல என்னால முடியாது! காலைல இருந்து டொங்கு டொங்குன்னு! இன்னொரு தரம் சத்தம் கேட்டுது, இறங்கி வந்து அந்த டயரை உன் இடுப்புல மாட்டி ரோட்டுல உருட்டி விட்டுடுவேன்!"

முதலாளி நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். சிங்கம் கை இரண்டையும் மேலே தூக்கியிருந்தான். ஏன் தூக்கினான் என்று பிறகு கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை.

எப்போதோ ஒரு பதிவுக்கு நடுவில், கீழே டயர்க்கடையைப் பார்த்துச் சாரி அக்காவே கத்தியது அது. கனத்த குரல். அடியிலிருந்து வந்தது. அதில் சிரிப்பு இல்லை, மூச்சுக் கலப்பு இல்லை. சாரி அக்கா திகைத்துப்போய் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். டாக்டர் கேட்டது இதைத்தான். குப்பையில் கிடந்திருக்கிறது.

அதற்குள் படியில் தடதடவென்று காலடி. டயர்க்கடைக்காரர் வாசலில் மூச்சு வாங்க நின்றார். வாயில் சோறு, கையில் எச்சில்.

"அக்கா, சத்தியமா இன்னைக்கு நான் சுத்தியலைத் தொடவே இல்ல. சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்றார் முதலாளி.

"நீங்க சொன்னா ஆச்சா? அக்கா சொல்லட்டும்."

சாரி அக்கா கையைக் காட்டி, போய்ச் சாப்பிடச் சொன்னாள். அவர் போனார். படியிறங்கும்போதும், "தொடவே இல்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். அந்தக் குரலுக்குக் கீழ்த்தளத்தில் ஏற்கெனவே நல்ல மரியாதை இருந்திருக்கிறது. மேல்தளத்துக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

முதலாளி தலையின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டார். "வெட்டி ஒட்ட வேணாம்னா வேணாம்னு எழுதிக் காட்டியிருக்கலாமே மேடம்."

அவள் செல்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் அது எழுதியிருந்தது.

"சரி" என்றார். "அப்ப என்னதான் செய்யறது?"

அவள் பட்டனுக்கு எழுதிக் காட்டினாள்: அவரைப் படுக்கச் சொல்.

"அண்ணா, கீழ படுக்கணுமாம்."

"என்னது?"

"தரையில. மைக்கை இறக்கித் தர்றேன்."

சிங்கம் முணுமுணுத்துக்கொண்டே மல்லாந்து படுத்தான். வயிறு மேலே எழும்பி நின்றது. அவள் இன்னொரு வரி எழுதினாள்.

"ஒருக்களிச்சாம் அண்ணா. சுவரைப் பாத்து." பட்டன் செல்பேசியை மறுபடி பார்த்தாள். "அவருக்குத் தெரியும்னு போட்டிருக்காங்க."

சிங்கம் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். அவன் காது சிவந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டான்.

போன வருஷம் இதே மருத்துவமனையில் இதே கோலத்தில்தான் கிடந்தான், மூலத்துக்கு அறுவை செய்துகொள்ள. முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் அங்கி. முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் முடிச்சு இல்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் சிங்கத்தின் பின்புறத்தைப் பார்த்தபடி போனார்கள். டாக்டர் வரவில்லை. "எங்க போயிட்டே, இங்கயே இரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கூரையில் இருந்த ஒலிபெருக்கி, தாமதத்திற்கு வருந்துகிறோம் என்றபோது, கண்ணை மூடிக்கொண்டே, "அது நீதானே?" என்று கேட்டான். "நான்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் பிடி கொஞ்சம் தளர்ந்தது. வீட்டுக்கு வந்த மறுநாளே அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான், கோட்டைத் தாண்டாதீர்கள் குரலில்.

இப்போது பட்டன் கையசைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒருக்களித்துப் படுத்தவனுக்கு வயிற்றிலிருந்து எதையும் கிளப்ப முடியவில்லை. குரல் தொண்டையிலிருந்து மட்டும் வந்தது. உறுமல் இல்லை, குழைவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருத்தர் சொல்வது போல இருந்தது.

"காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும்."

நிறுத்தினான். பின்னால் ஓடிவர வேண்டிய சமாதானம் வரவில்லை. அறையில் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை.

"விரைவில் உங்களை அழைப்போம்."

பட்டன் மூக்கை உறிஞ்சினாள். இந்த ஆளை நம்பிப் படுக்கையில் கிடக்கலாம் என்று இருந்தது.

சாரி அக்கா ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

சிங்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான். "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"

விரல் அப்படியே நின்றது.

அவன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினான். காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும். இந்தத் தடவையும் ஒட்டு எதுவும் இல்லை. இன்னும் நன்றாகவே இருந்தது.

விரல்.

"காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும்."

விரல்.

சாரி அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். காலை நீட்டி எதிரே இருந்த முக்காலியில் போட்டுக்கொண்டாள். தொண்டை வலிக்கவில்லை.

பட்டன் தயங்கித் தயங்கி அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, எனக்கு என்னவோ மொத டேக்கே சரியா இருந்த மாதிரிதான் பட்டுது. நான் தப்பாவும்..."

சாரி அக்கா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், ஒரு கையால் தட்டெழுதி நீட்டினாள்.

சரிதான். இன்னும் கொஞ்சம் போகட்டும்.